மலையிடம் எடை வாங்கிய கம்பி

போனக்காட்டுத் தேயிலைச் சரிவுகளில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, கரமனை ஆறாகிப் பேப்பாறை அணையில் தேங்குகிறது. அடுத்து அருவிக்கரை; அதற்கடுத்து திருவனந்தபுரத்து வீட்டுக் குழாய். பேப்பாறை ஓர் ஈர்ப்பு அணை. தண்ணீரின் தள்ளுவிசையைத் தன் சொந்த எடையால் தாங்கி நிற்பது. இதே மலைத்தொடரில் வடக்கே நிற்கும் முல்லைப் பெரியாறும் அப்படித்தான். இப்படி ஓர் அணைக்கு எடை போதாது என்று பின்னாளில் தெரிந்தால்? அணையை அடிப்பாறையோடு கம்பியால் இழுத்துப் பூட்டும் கேபிள் ஆங்கர் பிறந்தது இந்தக் கேள்வியிலிருந்துதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளுவதைக் கணக்கில் எடுத்தார்கள். கட்டுமானத்துக்குள்ளும் அடிப்பாறையிலும் கசிந்து புகும் நீர், அணையை மேல்நோக்கித் தூக்கும் என்பதைப் பெரும்பாலும் எண்ணவில்லை. 1895 ஏப்ரலில் பிரான்சின் பூசே அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகே பிரெஞ்சுப் பொறியாளர் மோரிஸ் லெவி அந்தத் தூக்குவிசைக்கு விதி வகுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கற்பொடியும் சேர்த்து எழுப்பிய 176 அடி உயர அணை அது. அந்தப் பாடம் பிறக்கும் முன்பே வரைந்து கட்டியதற்கு அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

அல்ஜீரியாவில் செர்ஃபா என்றொரு கல்லணை. 1885 வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. அதன் உறுதி மீது சந்தேகம் எழுந்தபோது, இடிக்கவும் மனமில்லை, மேலே கல் ஏற்றவும் வழியில்லை. ஆந்த்ரே கோய்ன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1934-இல் அணையின் உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு, கம்பிக் கற்றைகளை இறக்கி, அடியில் சிமெண்டால் பிடிக்கவைத்து, மேலே ஜாக்கி வைத்து இழுத்துப் பூட்டினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 டன் இழுவிசை. அணைக்கு இல்லாத எடையைக் கீழே கிடந்த பாறை கொடுத்தது.

அந்த யோசனை பெரியாற்றுக்கு வர நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் மூழ்கியது. கேரளத்தில் அச்சம் கூடியது. நவம்பரில் மத்திய நீர் ஆணையத் தலைவர் கே. சி. தாமஸ் தலைமையில் தமிழ்நாடு, கேரளம் என இரு மாநிலப் பொறியாளர்களும் கூடினார்கள். நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைப்பது, உச்சியில் கான்கிரீட் மூடி, கேபிள் ஆங்கர், பின்புறம் கான்கிரீட் தாங்கல் என்று முடிவாயிற்று.

அணையின் மேலிருந்து நான்கு அங்குல விட்டத் துளை. முழு அணையையும் ஊடுருவி, அடிப்பாறைக்குள் இன்னும் முப்பது அடி. அதற்குள் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள உறுதிமிக்க எஃகுக் கம்பிகள் 34 சேர்ந்த கற்றை. 120 டன் விசையில் இழுத்து, துளையைச் சிமெண்ட் கலவையால் நிரப்பினார்கள். நூறாண்டை நெருங்கும் சுண்ணாம்புக் கட்டுமானத்தில் கோணாமல் துளை போடுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! அந்தத் துளைப்பணியாளர்களின் பெயர்களை யாரும் கல்லில் பொறிக்கவில்லை; பொறித்திருக்க வேண்டும்.

2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தபோது இந்தப் பலப்படுத்தும் பணிகளும் கணக்கில் வந்தன. ஆனால் கம்பிக்கும் ஆயுள் உண்டு. செர்ஃபாவில் சுமார் முப்பது ஆண்டுகளில் துரு ஏறி, புதிய கம்பிகள் போட வேண்டியிருந்தது. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் முழுமையான பாதுகாப்பு ஆய்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த ஆய்வில் நம் கம்பிகளின் இன்றைய நிலையும் பதிவாகி, தேனிக்காரரும் இடுக்கிக்காரரும் படிக்கும்படி தமிழிலும் மலையாளத்திலும் வெளியாக வேண்டும்.