இயற்கணிதக் கோவை: மதிப்பிடலும் காரணிப்படுத்தலும்

எண்களும், எண்களுக்குப் பதிலாக நிற்கும் எழுத்துகளும், கூட்டல், கழித்தல், பெருக்கல் முதலிய செயல்களால் இணைந்து வருவது இயற்கணிதக் கோவை. எழுத்துகளுக்கு மதிப்பைக் கொடுத்து விடை காண்பது மதிப்பிடல். ஒரு கோவையை அதைவிட எளிய கோவைகளின் பெருக்கமாக மாற்றி எழுதுவது காரணிப்படுத்தல்.

கன்னியாகுமரி மாவட்டம் பேச்சிப்பாறை அணையின் நீர்க்கணக்கு இவ்விரண்டுக்கும் பொருந்தும் எடுத்துக்காட்டு. கோதையாற்றின் குறுக்கே, திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மின்சின் 1897க்கும் 1906க்கும் இடையில் கட்டிய அணை இது. மழைக்காலச் செய்திகளில் அதன் நீர்மட்டத்தோடு நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கனஅடி என்று வெளியாகும். வரத்து வ, வெளியேற்றம் ப, நாட்கள் ந என்க. ஒரு நாளில் 86,400 வினாடிகள். ஆவியாதலையும் கசிவையும் விட்டுவிட்டால், நீர் இருப்பில் ஏற்படும் மாற்றம்

86,400 × வ × ந − 86,400 × ப × ந

கனஅடி. பொதுக்காரணியை வெளியே எடுத்தால் இதுவே 86,400 × ந × (வ − ப) ஆகிறது. வ = 700, ப = 500, ந = 5 என்று வைத்தால் விடை 8,64,00,000; அதாவது 8.64 கோடி கனஅடி. முதல் வடிவில் இதைக் கண்டுபிடிக்க நீண்ட பெருக்கல்கள் இரண்டு வேண்டும். ஆனால் காரணி வடிவத்தின் உண்மையான பயன் உழைப்பு குறைவதில் இல்லை. வரத்தும் வெளியேற்றமும் சமமானால் எத்தனை நாள் போனாலும் இருப்பு மாறாது என்பதும், வெளியேற்றம் மிஞ்சினால் இருப்பு குறையும் என்பதும் அடைப்புக்குறியைப் பார்த்த உடனே தெரிகின்றன. விரித்து எழுதிய வடிவம் இதை மறைத்துவிடுகிறது. ஒரு கோவை எப்போது சுழியாகும் என்ற கேள்விக்கு விடை சொல்வதே காரணிப்படுத்தலின் தலையாய வேலை.

எண்ணுக்குப் பதில் எழுத்தை வைக்காமலும் மதிப்பிடல் நடந்திருக்கிறது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணித நூல் வட்டத்தின் பரப்பைக் காண, அரை விட்டத்தையும் அரைச் சுற்றளவையும் பெருக்கச் சொல்கிறது. எந்த வட்டத்துக்கும் பொருந்தும் விதி அது; எழுத்துக்குப் பதில் சொல் நிற்கிறது, அவ்வளவே. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் வர்க்கங்களைக் குழிமாற்று என்ற வாய்பாடாக மனப்பாடம் செய்தார்கள்.

குறியீட்டு முறையை இந்தியாவில் வளர்த்தவர்கள் 628இல் நூல் எழுதிய பிரம்மகுப்தரும், 12ஆம் நூற்றாண்டில் பீஜகணிதம் எழுதிய இரண்டாம் பாஸ்கரரும். தெரியாத எண்ணுக்கு ‘யா’, தெரிந்த எண்ணுக்கு ‘ரூ’. குறை எண்ணின் தலையில் ஒரு புள்ளி. ‘யா 5 ரூ 3’ என்றால் தெரியாத எண்ணின் ஐந்து மடங்கோடு மூன்று.

இந்தியக் கணித மரபின் மிக அழகான பகுதி சேரநாட்டில் கிடைக்கிறது. 1530ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா, பெருக்கத்தைச் செவ்வகமாகப் பார்க்கிறது. பக்கம் அ உள்ள சதுரத்தின் ஒரு மூலையில், பக்கம் இ உள்ள சிறிய சதுரத்தை வெட்டி எடுக்க வேண்டும். மிஞ்சும் துண்டை இரண்டு பட்டைகளாக்கலாம். இரண்டின் அகலமும் அ − இ. நீளம் ஒன்றுக்கு அ, மற்றொன்றுக்கு இ. அவற்றை முனையோடு முனை சேர்த்தால் நீளம் அ + இ, அகலம் அ − இ உள்ள செவ்வகம் கிடைக்கும். ஆகவே

அ² − இ² = (அ + இ)(அ − இ).

இது வெறும் விளக்கப்படம் அன்று, முழுமையான நிரூபணம். இன்று எட்டாம் வகுப்பு மாணவர் தாளை வெட்டிச் செய்து பார்க்கக்கூடியது. 98² − 2² என்பதை 100 × 96 = 9,600 என்று மனத்திலேயே போடுவதற்கும் இதுவே அடிப்படை. யுக்திபாஷாவின் முதற்பகுதி 1948இல் திருச்சூரில் ராமவர்மா மரு தம்புரான், அகிலேஸ்வர ஐயர் ஆகியோரின் குறிப்புகளுடன் அச்சேறியது.

ஐரோப்பாவில் பிரான்சுவா வியட் 1591இல் தெரிந்த அளவுகளுக்கும் எழுத்து வழங்கினார். இன்றைய எழுதும் முறை பெரும்பாலும் தெக்கார்த்தேயின் 1637ஆம் ஆண்டு நூலில் அமைந்துவிட்டது. தமிழில் இத்துறைக்கு முன்னோடியான பாடநூல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது: கறோல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம், 1855. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர் அவர், மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை.

மதிப்பிடலில் பிழை பெரும்பாலும் குறியில் நேர்கிறது. அ = −3 எனில் அ² = 9; ஆனால் −அ² = −9. குறை எண்ணை அடைப்புக்குறிக்குள் வைத்துப் பிரதியிடுவதே பாதுகாப்பு.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பில் காரணிப்படுத்தலும், ஒன்பதாம் வகுப்பில் காரணித் தேற்றமும் தொகுமுறை வகுத்தலும், பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடுகளும் இடம்பெறுகின்றன.