கெடாவில் துப்பாக்கி வன்முறைத் தடுப்பு: அரசும் தோட்டச் சமூகமும்

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காவல் துறையின் உரிமம் வேண்டும். அது எளிதில் கிடைப்பதில்லை. 1971-இல் வந்த சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. கொள்ளை, கடத்தல் போன்ற குற்றத்தின்போது கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்கத்தில் சுட்டால், குண்டு யார்மீதும் படாவிட்டாலும் தூக்குதான் என்றிருந்தது. 2023-இல்தான் தூக்கு கட்டாயம் என்ற நிலை நீங்கி, நீண்ட சிறை விதிக்கவும் நீதிபதிக்கு இடம் கிடைத்தது. இத்தனை சட்டம் இருந்தும் தாய்லாந்து எல்லையை ஒட்டிய கெடாவில் கள்ளத் துப்பாக்கி குண்டர் கும்பல்களின் கைக்கு எட்டுகிறது. எல்லைக் காவல் துப்பாக்கி வரும் வழியை அடைக்கலாம்; அதைத் தேடும் கையைத் தடுக்காது. அந்தக் கை உருவாகும் இடங்களான சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், லூனாஸ் வட்டாரங்களில் அரசும் சமூகமும் எந்த நிபந்தனையில் கைகோர்க்கின்றன என்பதே முதன்மையான கேள்வி.

இக்கேள்விக்குக் கெடாவில் ஒரு முன்கதை உண்டு. ஜப்பானியர் ஆட்சி முடிந்ததும் பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படையைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சீருடையில் அணிவகுத்தார்கள். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு அடிதடியில் இறங்குவோரைத் தாங்களே அடக்கினார்கள். குடியையும் சண்டையையும் ஒரு சமூகம் தானாகவே குறைக்க முனைந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று மலாயாத் தோட்டங்களில் அரிது. ஆனால் தோட்ட நிர்வாகமும் பிரிட்டிஷ் அரசும் இதைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே பார்த்தன. 1947 மார்ச் மாதம் பீடோங் வட்டாரத்தில் மோதலும் கைதுகளும் நடந்தன. ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டத்தில் காவல் துறை சுட்டதில் தொழிலாளி ஒருவர் மாண்டார். தொண்டர் படையினர் சிலர் கள் குடித்தவரைத் தண்டித்த முறை சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்பது உண்மைதான். எனினும் அதை நெறிப்படுத்த வழியிருந்தது; அரசு தேர்ந்தது நசுக்குவதை.

தோட்டம் இருந்தவரை கோயில் குழு, தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவை இளைஞனை ஏதோ ஒரு கட்டுக்குள் வைத்திருந்தன. ரப்பர் சரிந்து, நிலம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது லயங்கள் காலியாயின. குடும்பங்கள் பட்டண ஓரத்து மலிவு வீடுகளுக்குச் சிதறின. பழைய கட்டு அறுந்த இடத்தில் கும்பல் புகுந்தது. 2013-இல் நாடெங்கும் தொடர் துப்பாக்கிச் சூடுகள் நடந்தபோது காவல் துறை 'ஓப்ஸ் சந்தாஸ்' நடவடிக்கையைத் தொடங்கியது. அந்த ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயரை வெளியிட்டு, அவற்றின் உறுப்பினர் ஏறத்தாழ 40,000 பேரில் 70 விழுக்காட்டினர் இந்தியர் என்றது. நாட்டு மக்கள்தொகையில் இந்தியர் ஏழு விழுக்காடு அளவே. விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம் தந்த 1969-இன் அவசரச் சட்டம் கைவிடப்பட்டதே சூடுகளுக்குக் காரணம் என்றனர் பலர். குற்றத்தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு விசாரணையற்ற தடுப்புக்காவல் திரும்பியது. இந்த வாதத்தை முற்றாகத் தள்ள முடியாது: ஆளைப் பூட்டினால் சில மாதங்கள் சூடு அடங்கும். ஆனால் அந்த அவசரச் சட்டம் நாற்பது ஆண்டுக்கு மேல் கையில் இருந்தபோதுதான் இக்கும்பல்கள் வளர்ந்தன என்பதற்கு அவ்வாதத்தில் பதில் இல்லை.

அரசும் சமூகமும் கைகோர்க்கும் ஏற்பாடு என்ற பெயரில் இருப்பது பெரும்பாலும் ருக்குன் தெத்தாங்கா. 1975-இல் அவசரகால விதியாகப் பிறந்து, 2012-இல் தனிச் சட்டம் பெற்ற அண்டை அயலார் அமைப்பு இது. இரவு ரோந்துக்கும் தகவலுக்கும் பயன்படும். கும்பலில் சேர்ந்த பையனிடம் பேச அதற்கு ஏற்பாடில்லை. தகவல் சொன்னவர் அதே அடுக்குமாடியில்தான் குடியிருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. 1990-களில் பாஸ்டன் நகரம் வேறு முறையைக் கையாண்டது. காவல் துறையும் பாதிரியார்களும் சமூகப் பணியாளர்களும் கும்பல் இளைஞர்களை நேரில் அழைத்து, ஒருவன் சுட்டால் அவன் குழு முழுவதும் நெருக்கப்படும், விலகுவோருக்குப் படிப்பும் வேலையும் உண்டு என்றார்கள். இளைஞர் கொலைகள் மாதச் சராசரியில் 63 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு கண்டது. அதே காலத்தில் பிற நகரங்களிலும் கொலை குறைந்ததால் முழுப் பெருமையும் இத்திட்டத்துக்கே உரியதல்ல என்போரும் உண்டு. அக்கணக்கைக் கழித்தாலும் முறை நியாயமானதே.

இம்முறையைக் கெடாவுக்குக் கொண்டுவருவதென்றால், கோயில் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர் சிலருக்கே கும்பலோடு தொடர்பிருக்கையில் சமூகத்தை எப்படி நம்புவது என்பது வலுவான ஆட்சேபம். நன்கொடையும் தேர்தலுக்கான ஆள்பலமும் அத்தொடர்பை வளர்ப்பது தெரிந்த கதைதான். அதனால்தான் பங்காளிகளைக் கட்சி நியமிக்கக் கூடாது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், தாய்மார், சிறை மீண்டு திருந்தியவர் ஆகியோர் மேசையில் இருக்க வேண்டும், பணக்கணக்கு பொதுவில் வர வேண்டும். காவல் துறையும் தன் பங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும். காவல் துறைமீதான புகார்களையும் முறைகேடுகளையும் விசாரிக்க வலுவான சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று 2005-இல் அரச ஆணையம் பரிந்துரைத்தது. அதன் இடத்தில் 2023-இல் செயல்படத் தொடங்கிய அமைப்புக்கோ தானே தண்டிக்கும் அதிகாரம் இல்லை.