நிலவிலையும் நீருரிமையும்

ஒரே ஊரில், ஒரே மண்ணில், வாய்க்கால் நீர் ஏறிப் பாயும் வயல் நன்செய். ஏறாத மேட்டு நிலம் புன்செய். இவ்விரு சொற்களுக்கிடையே உள்ள தொலைவே நம் நாட்டில் நெடுங்காலமாக வரியையும் விலையையும் வரையறுத்து வந்துள்ளது. நிலத்தை மதிப்பிட்டோர் உண்மையில் மதிப்பிட்டது அதன்மீது பாயும் நீருரிமையையே எனலாம்.

சோழர் காலக் கல்வெட்டுகள் வயல்களைச் சுட்டும் முறை இதற்கு நல்ல சான்று. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் என்றே வயலின் இருப்பிடம் குறிக்கப்பெறும். கண்ணாறு என்பது கிளை வாய்க்கால். நீர் வரும் வழியே நிலத்தின் முகவரியாயிற்று. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், பழையனூரைக் கோயிலுக்கு அளித்தபோது மண்ணை மட்டும் அளிக்கவில்லை. வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சும் உரிமையையும் உடன் அளித்தன. பிறர் அவ்வாய்க்காலைக் குறுக்கே வெட்டவோ, அடைக்கவோ, சிற்றேற்றம் வைத்தோ கூடையாலோ நீர் இறைக்கவோ கூடாதெனவும் விதித்தன. காவலில்லாத நீர் கொடையின் பயனைக் கெடுக்குமென்பதை அக்காலத்தார் நன்கு அறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்நோக்கு மாறவில்லை. 1855க்குப் பின் சென்னை மாகாணத்தில் நடைபெற்ற நிலவரித் திட்டத்தில் மண்ணுக்குத் தரம் பிரித்ததோடு, பாசன மூலங்களையும் வகுப்புகளாகப் பிரித்தனர். வற்றாத ஆற்றுப் பாசனத்துக்குத் தீர்வை மிகுதி. மழையை நம்பிய சிற்றேரிக்குக் குறைவு. 1865ஆம் ஆண்டின் பாசன வரிச் சட்டம், அரசின் நீரைக் கொள்வோர்மீது தனிவரி விதிக்க வழி செய்தது.

இங்கேதான் ஒரு வினா எழுந்தது. நிலத்துக்குத் தீர்வை வகுத்தபோதே அதன் நீரும் மதிப்பில் அடங்கிவிட்டதன்றோ? வம்சதாரை ஆற்றுநீர் பாயும் ஊர்லாம் ஜமீனின் வழக்கில் இவ்வினா இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. நிரந்தரத் தீர்வையின்போதே இருந்த கால்வாய்கள் கொண்டுவரும் நீருக்கு மீண்டும் வரி கேட்கலாகாதென 1917இல் தீர்ப்பாயிற்று. ஒருமுறை விலைக்குள் அடங்கிய நீரை இருமுறை விற்க இயலாதென்பதே அதன் சாரம். எனினும் அந்த உரிமை ஜமீன்தாருக்கு உரியதாயிற்று. உழுதவனைப் பற்றியதன்று அவ்வழக்கு.

இன்றும் பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பில் நன்செய், புன்செய் என்னும் பாகுபாடு தொடர்கிறது. ஆனால் ஏரி தூர்ந்து, வரத்து வாய்க்கால் மறைந்த ஊர்களில் பதிவேடு நன்செய் என்று சொல்ல, வயல் கரம்பாய்க் கிடக்கிறது. சொல் நிற்கப் பொருள் நீங்கிய நிலை அது. அதன் இழப்பைக் கவிஞர்க்கு விளக்க வேண்டுவதில்லை. வயலின் பசுமையைப் பாடும் நாம், அதற்கு விலை தந்த வாய்க்காலின் வரலாற்றையும் நம் எழுத்தில் காத்தல் வேண்டும்.