ஒரு வாய்த் தண்ணீர்

தொழுகைக்கு முந்தைய அங்கசுத்தியான உளூச் செய்ய உட்காருகிறவர் கைகளைக் கழுவியதும் வாய் கொப்பளிக்கிறார். ஆனால் உளூவை விதித்த திருக்குர்ஆன் வசனத்தில் (5:6) வாயைப் பற்றிய பேச்சே இல்லை. முகத்தையும் முழங்கைவரை கைகளையும் கழுவுவது, தலையைத் தடவுவது, கணுக்கால்வரை கால்களைக் கழுவுவது, இவ்வளவுதான். வாய்க்கும் மூக்குக்கும் நீர் செலுத்துவது நபிவழியாக வந்தது. உதுமான் (ரலி), அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி) ஆகியோர் மக்கள் பார்க்க உளூச் செய்து காட்டிய செய்திகளில் அது இருக்கிறது.

அப்படியானால் அது கட்டாயமா? வாயின் உட்புறம் முகத்தில் சேருமா என்பதுதான் வழக்கு. சேரும் என்று ஹன்பலி மத்ஹபினர் (சட்டப்பள்ளியினர்) உளூவிலும் கடமையான குளிப்பிலும் அதைக் கட்டாயமாக்கினர். மாலிகி, ஷாபிஈ மத்ஹபுகளில் இரண்டிலும் சுன்னத், அதாவது கட்டாயமல்லாத நபிவழி. ஹனபி சட்டம் மட்டும் வழியைப் பிரிக்கிறது: உளூவில் சுன்னத், கடமையான குளிப்பில் பர்ளு, அதாவது கட்டாயம். காரணம், உளூ வசனம் முகம் என்கிறது. எதிரே தெரிவதே முகம். குளிப்புக்கோ நன்றாகத் தூய்மையாகுங்கள் என்ற அழுத்தமான கட்டளை. ஆகவே நீர் எட்டும் இடமெல்லாம் நனைய வேண்டும். எனக்கு இந்த வாதத்தின் நுட்பம் பிடித்திருக்கிறது.

நம் திருச்சுழிப் பகுதிக்கு இந்த வேறுபாடு ஏட்டுச் செய்தியல்ல. மதுரைச் சீமையின் உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனபிகள். கீழக்கரை, காயல்பட்டினம் கரையோரத்தார் ஷாபிஈகள். திருச்சுழியைத் தொட்டுக் கமுதிப் பக்கம் இறங்கி மன்னார் வளைகுடாவை நாடும் குண்டாறு ஒரு மத்ஹபின் நிலத்திலிருந்து இன்னொன்றின் கரைக்குப் போகிறது எனலாம். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிக்க மறந்த கீழக்கரைக்காரரின் குளிப்பு நிறைவேறிவிடும். அருப்புக்கோட்டை ராவுத்தருக்கு நிறைவேறாது. நினைவு வந்ததும் அவர் மறுபடி குளிக்க வேண்டியதில்லை. வாயை மட்டும் கொப்பளித்து, இடையில் தொழுத பர்ளுத் தொழுகையை மீட்டித் தொழுதால் போதும். இதற்குள் வாய் நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் அதுவே கொப்பளித்ததாகிவிடும் என்கின்றன ஹனபி நூல்கள். துப்புவது நிபந்தனையல்ல. தண்ணீரின் அருமை அறிந்த ஊருக்கு இதைவிட இசைவான சட்டம் வேறென்ன!

அள்ளும் கணக்கிலும் வேறுபாடு உண்டு. ஹனபிகள் வாய்க்கு மூன்று, மூக்குக்கு மூன்று என ஆறு முறை அள்ளுவார்கள். ஷாபிஈகளிடம் ஒரே கைநீரை வாய்க்கும் மூக்குக்கும் பகிர்வது சிறப்பு; மூன்று கையோடு முடியும். நீருக்குத் தட்டுப்பாடு வந்தால் இரு சாராரும் சுன்னத்தை விட்டுவிட்டுக் கட்டாய உறுப்புகளை ஒருமுறை கழுவலாம். நீரே இல்லாவிட்டால் தயம்மும், அதாவது மண்ணைக் கொண்டு தூய்மை செய்தல். அதில் முகமும் கைகளும்தான், வாய்க்கு வேலையில்லை. நோன்பாளி கொப்பளிக்கலாம்; தொண்டைவரை கொண்டுபோகக் கூடாது.

நபிகள் நாயகம் (ஸல்) ஒரு முத்து நீரில் உளூச் செய்ததாக அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. முத்து என்பது நடுத்தர ஆள் இரு கையையும் சேர்த்து அள்ளும் அளவு. ஷாபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு, ஹனபி கணக்கில் ஒரு லிட்டரை ஒட்டி. திறந்துவிட்ட குழாயடியில் கொப்பளித்து முடிப்பதற்குள்ளேயே அவ்வளவு ஓடிவிடும். அதைத் தவிர்க்க நம் பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகிகள் உளூச் செய்யும் இடத்தில் குழாய்க்கு ஒரு குவளை வீதம் வைக்க வேண்டும்.