நன்னீர்த் தாவர வளர்ச்சியில் பார உலோக மாசின் விளைவுகள்: திரியாய்ச் சூழல்

கட்மியம், ஈயம், இரசம், செப்பு, நாகம் போன்ற அடர்த்திமிக்க உலோகங்கள் பார உலோகங்கள் எனப்படுகின்றன. திருகோணமலை மாவட்டத்தில், குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையே, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் பழைய ஊரான திரியாயைச் சூழ்ந்த நிலப்பரப்பில், இவ்வுலோகங்கள் நீர்த்தாவரங்களை அடையும் வழிகளைப் பிரித்தறிவது அவசியமாகும். புல்மோட்டைக் கரையின் கனிய மணலிலுள்ள இல்மனைற்றும் உரூற்றைலும் நீரில் எளிதில் கரையாத பளிங்குகளாதலால், குளத்துத் தாவரங்களைப் பொறுத்தவரை அவற்றைவிடக் கவனத்துக்குரியது உரமே. பொசுபேற்றுப் பாறையில் இயல்பாகவே உள்ள கட்மியம் ரி.எஸ்.பி. உரத்தோடு வயலுக்கு வந்து, வடிநீரோடு குளங்களையும், அநுராதபுர மாவட்ட வயல்களின் நீரைத் திரட்டிப் புல்மோட்டைப் பகுதியில் கடலை அடையும் யான் ஓயாவையும் சேரக்கூடியது.

செப்பும் நாகமும் நுண்ணளவில் தாவரத்துக்கு இன்றியமையாதவை. அளவு மிகும்போதே நஞ்சாகின்றன. கட்மியத்துக்கோ உயர் தாவரங்களில் அறியப்பட்ட பயன் ஏதுமில்லை. நாகம், இரும்பு, கல்சியம் ஆகியவற்றை உள்ளெடுக்கும் புரத வாயில்களினூடாகவே அது வேருக்குள் நுழைந்து, நொதியங்களின் கந்தகக் கூட்டங்களோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. பச்சையத் தொகுப்பு குன்றி இலை மஞ்சளாக, வேர்நுனியின் கலப்பிரிவு தடைப்பட்டு வேர் குட்டையாகிறது. தாவரம் இதற்கு எதிராகப் பைற்றோகெலேற்றின் எனும் சிறு புரதக்கூறுகளை ஆக்கி, உலோகத்தைப் பிணைத்துக் கலத்தின் புன்வெற்றிடத்துள் அடைக்கிறது. இத்தற்காப்புக்குச் செலவாகும் கந்தகமும் சக்தியும் வளர்ச்சிக்குக் கிடைப்பதில்லை. மிதக்கும் சிறு தாவரமான லெம்னாவின் இலையுருக்களை ஏழு நாள் எண்ணி நஞ்சின் வலிமையை அளவிடும் சர்வதேசச் சோதனை முறையும் இவ்வளர்ச்சிக் குறைவையே அடிப்படையாகக் கொண்டது.

உலர் வலயக் குளங்களில் பருவமும் இதில் பங்குகொள்கிறது. வடகீழ்ப் பருவமழையில் குளம் நிரம்பும்போது அடிச்சேறு ஒட்சிசனற்றதாகி, கட்மியம் கரையாத சல்பைட்டாகப் பிணைபடுகிறது. கோடையில் நீர் வற்றிச் சேறு வெடித்துக் காற்றுப் படும்போது அச்சல்பைட்டு ஒட்சியேற்றப்பட்டு, உலோகம் மீண்டும் கரையும் நிலைக்கு வருகிறது. அடுத்த மழையில் துளிர்க்கும் தாமரையும் அல்லியும் வேர்விடுவது அச்சேற்றில்தான். ஆகவே நீரை மட்டும் அளந்து குளம் தூயதென்று முடிவுசெய்வது போதாது. சேறும் கிழங்கும் சேர்த்தே ஆராயப்பட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் நடந்து 2013இல் வெளியான சிறுநீரக நோய் ஆய்வில், பாதிக்கப்பட்ட பகுதிகளின் தாமரைக் கிழங்கில் கட்மியம் கூடுதலாகக் காணப்பட்டது. திருகோணமலை மாவட்டத்தின் பதவி சிறிபுரவும் அந்நோய் பரவிய பிரதேசங்களில் ஒன்றாகும். எனினும் நோய்க்குக் கட்மியமே காரணம் என்பது நிறுவப்படவில்லை.

1939இல் இலங்கைக்கு வந்த சல்வீனியாவும், அதற்கு முன்பே வந்த ஆகாயத்தாமரையும் உலோகங்களை நீரிலிருந்து விரைவாக உறிஞ்சுவதால் தூய்மையாக்கத்துக்கு முன்மொழியப்படுகின்றன. ஆனால் அவை குளத்திலேயே அழுகினால் உறிஞ்சிய உலோகம் சேற்றுக்கே திரும்பும். அள்ளி எடுத்துப் பசளையாக வயலில் இட்டாலோ அது நெல்லின் வேரடிக்குப் போய்ச்சேரும்.