கைநாட்டு வேண்டாம்

கீரனூர் கடைத்தெருவில் எங்கள் அய்யாவின் வாடகை சைக்கிள் கடை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் இருந்தது. அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கத்தில் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஊருக்கு அவர் பட்டாளத்தார். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. “பட்டாளத்தார் கடையில ஒரு வண்டி எடுத்துட்டு வா” என்றால் எந்தப் பிள்ளைக்கும் வழி தெரியும்.

அய்யா பிறந்தது 1922-ல், கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. துருத்தி ஊதியும் சம்மட்டி பிடித்தும் வளர்ந்தவர். அன்றைக்குக் கீரனூர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. 1929-ல் திருச்சி - புதுக்கோட்டை ரயில் பாதை வந்தபோது அவருக்கு ஏழு வயது. அந்த ரயிலேறித்தான் 1942-ல், இருபது வயதில், பட்டாளத்தில் சேரப் போனார். வீட்டில் சொல்லவில்லை. ஆளெடுத்த இடத்தில் நீட்டிய தாளில் இடது கைப் பெருவிரலை வைத்து அழுத்தினார். “பேரை எழுதுன்னான். எழுதத் தெரியாது. விரலைப் பிடிச்சு மையில முக்கினான்” என்று எழுபது ஆண்டு கழித்துச் சொல்லும்போதும் அந்த விரலை மடக்கிக்கொள்வார்.

அவரைச் சேர்த்துக்கொண்டது மதராஸ் சாப்பர்ஸ். 1780-ல் தொடங்கிய பழைய படைப்பிரிவு அது. தலைமையிடம் பெங்களூர். அந்தப் படைவீரர்களுக்குத் ‘தம்பி’ என்றே பெயர். பாதை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பதுதான் அவர்கள் வேலை. இரும்பு தெரிந்த பையன் என்பதால் அய்யாவை ஃபிட்டர் வேலைக்குப் பழக்கினார்கள். பெங்களூர் முகாமில்தான், மாலை வேளையில் கூட இருந்தவர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். பிறகு பர்மாவுக்கு அனுப்பினார்கள்.

சண்டையைப் பற்றி அவர் பேசியதில்லை. பாலத்தைப் பற்றிப் பேசுவார். பெய்லி பாலத்தின் ஒரு இரும்புச் சட்டம் பத்தடி நீளம், 570 பவுண்டு எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவர் கால் இடறினாலும் மற்ற ஐவர் முதுகும் போய்விடும். ஒரு சட்டத்தையும் இன்னொன்றையும் இணைப்பது கையளவு ஆணிதான். மழையில், சேற்றில், இருட்டில் துளையோடு துளை பொருந்தும்வரை காத்திருந்து ஆணியை அடித்து இறக்குவார்கள். 1944 டிசம்பரில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே கலேவாவில் இந்தியப் பொறியியல் படையினர் கட்டிய பெய்லி பாலம் 1,154 அடி. அதுவரை உலகில் அவ்வளவு நீளமாக அந்த வகைப் பாலம் போட்டதில்லை. அதன் மேல் தானும் நடந்து போனதைச் சொல்லும்போது மட்டும் அய்யாவின் குரல் கொஞ்சம் உயரும்.

1946-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையில் டிஸ்சார்ஜ் புத்தகமும் கொஞ்சம் பணமும். பதினைந்து ஆண்டு சேவை இருந்தால்தான் ஓய்வூதியம். அவரைப்போல் போருக்காகச் சேர்ந்து போர் முடிந்ததும் திரும்பிய லட்சக்கணக்கானவர்களுக்கு மாதச் சம்பளம் அன்றோடு நின்றது. பிற்காலத்தில் அரசு அவர்களுக்கு உதவித்தொகை அறிவித்தது. அய்யா விண்ணப்பம் போட்டார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருந்த பெயருக்கும் ரேஷன் அட்டைப் பெயருக்கும் ஒரு எழுத்து வித்தியாசம் என்று ஓர் அலுவலகத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது முறை அவர் போகவில்லை. அந்த எழுத்தைத் தப்பாக எழுதியது அவர் அல்ல. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

திரும்பி வந்தவர் திருச்சியில் ஒரு சைக்கிள் கடையில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தார். அந்த நாளில் ராலே, ஹம்பர் எல்லாம் சீமையிலிருந்து வந்த வண்டிகள். வாத்தியாரும் கணக்குப்பிள்ளையும்தான் வாங்க முடியும். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாராகத் தொடங்கிய பிறகு வண்டி மெல்ல மெல்லச் சிற்றூர்களுக்கு வந்தது. அப்போதும் சொந்தமாக வாங்குவது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை. அந்த இடைவெளியில் பிறந்ததுதான் வாடகை சைக்கிள் கடை. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சாவு சொல்லவும் பெண் பார்க்கவும் மணிக்கணக்கில் வண்டி எடுத்துப் போவார்கள். அய்யா 1951-ல் நான்கு வண்டியோடு கடை போட்டார். எனக்கு நினைவு தெரிந்தபோது பதினெட்டு வண்டி, மணிக்கு ஐம்பது பைசா. ஒவ்வொரு வண்டியின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயின்டில் எண். இரவில் கடை மூடும்முன் எண் வரிசைப்படி நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். அந்தப் பழக்கம் பட்டாளத்தில் வந்தது என்பாள் அப்பத்தா.

பஞ்சர் ஒட்டுவதை அவரிடம் பார்க்க வேண்டும். டியூபில் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்கினால் குமிழி வரும். குமிழி வராத நுண்ணிய ஓட்டையும் உண்டு. அதற்கு டியூபைக் கன்னத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். காற்று தோலில் படும் இடத்தில் விரல் நிற்கும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவசரப்படுத்தினால், “ஈரத்துல ஒட்டுனா பாதி வழியில பிச்சுக்கும் தம்பி” என்பார். முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. கோட்டம் எடுக்கும்போது ரிம் அருகே சாக்குக்கட்டியைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றுவார். சாக்கு உரசிய இடத்துக் கம்பியைக் கால் திருகு, அவ்வளவுதான். பெடல் கட்டைக்கு ஆணி அடிக்கும்போது மட்டும் யாரையும் பக்கத்தில் விடமாட்டார்.

கடையில் ஒரு பேரேடு உண்டு. தேதி, வண்டி எண், எடுத்த நேரம், விட்ட நேரம், வாடகை, கையொப்பம். எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டியும் இருந்தது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். படிக்க வந்த பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தர வேண்டும் என்று இயக்கம் முடிவெடுத்தது. ஊர்ஊராகப் போக வேண்டிய தொண்டர்களுக்கும், கல் குவாரிக்கும் களத்துக்கும் நடந்தே தேய்ந்த பெண்களுக்கும் பஸ்ஸை நம்பிக் கிடக்கும் நிலை மாற வேண்டும் என்பது எண்ணம். நான் அப்போது பதினெட்டு வயதுத் தொண்டர். பெண்கள் ஓட்டும் வண்டிக்குத் தட்டுப்பாடு. கம்பி போட்ட ஆண்கள் வண்டியையே எடுத்தார்கள். முன் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

“அய்யா, சாயங்காலம் பத்து வண்டி வேணும். வாடகை இப்ப தர முடியாது” என்று போய் நின்றேன். கடைத்தெருவே பெண்கள் சைக்கிள் ஓட்டுவதைக் கேலி பேசிக்கொண்டிருந்த நேரம். அவர் ஸ்பானரை எடுத்து வரிசையாக சீட்டுகளை இறக்க ஆரம்பித்தார். மறுநாள் குவாரியிலிருந்து நேரே வந்த ஓர் அக்கா, வழக்கம்போல் மைப்பெட்டியைப் பார்த்துப் பெருவிரலை நீட்டினார். அய்யா பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“கைநாட்டு வேண்டாம் தாயி. படிக்கிறீயில்ல? பேரை எழுதிட்டு வண்டியை எடு.”

அந்த அக்காவுக்குக் கால் மணி நேரம் ஆனது. பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை.

அதற்குப் பிறகு வாடகைக் கடைகளின் காலம் இறங்கியது. பால்காரரும் துணி வியாபாரியும் டி.வி.எஸ். 50-க்கு மாறினார்கள். 2005-ல் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியதும், மணிக்கணக்கில் வண்டி எடுக்க ஆளில்லை. பிள்ளைகள் சொந்த வண்டியில் போவதை அய்யா கடை வாசலில் உட்கார்ந்து நிறைவோடு பார்த்தார். பஞ்சர் மட்டும் ஒட்டினார். 2014-ல், தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார். சாவு வீட்டுக்கு வந்த பெண்களில் பலர் தலை நரைத்தவர்கள்.

பேரேடு என்னிடம் இருக்கிறது. 1992 ஜூன் மாதப் பக்கத்தில் குவாரி அக்காவின் பெயர் மூன்று கோடுகளை விழுங்கிச் சாய்ந்து கிடக்கிறது. செப்டம்பர் பக்கத்தில் அதே பெயர் ஒரே கோட்டுக்குள் அடங்கிவிட்டது. இரண்டுக்கும் நேரே, காசு எழுத வேண்டிய கட்டத்தில் அய்யா காப்பி பென்சிலால் ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்: வரவு.