ஈம் கிராமத்து ஆகஸ்ட் திருவிழா

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பக்கம் ஒரு சின்ன கிராமம். அதன் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்து நாம் படித்தால் 'ஈயம்' என்று வரும். அந்த ஊரும் பல காலம் ஈயச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர்தான்! ஆனால் ஊர்க்காரர்கள் சொல்வது 'ஈம்'. நம் காதுக்கு அது ஈமச்சடங்கில் வரும் ஈமம் மாதிரிக் கேட்கும். (இரண்டும் தற்செயல். யாரும் சொல்லாராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம் :-))

ஆகஸ்ட் கடைசி வாரம் இந்த ஊரில் திருவிழா. ஊர்வலம், வேஷம் கட்டிய பிள்ளைகள், முழு ஆட்டைக் கம்பியில் கோத்து வாட்டும் விருந்து எல்லாம் உண்டு. கிணறுகளுக்குப் பூ அலங்காரமும் செய்வார்கள். இது டெர்பிஷயர் பக்கத்தில் பெயர்பெற்ற பழக்கம். பெரிய மரப்பலகைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே உப்பு சேர்த்துப் பிசைந்த களிமண்ணை அப்பி, பூவிதழ், இலை, பாசி, விதை என்று ஒவ்வொன்றாக அழுத்தி ஒரு படத்தையே உருவாக்குவார்கள். கிட்டத்தட்ட நம் பூக்கோலத்தை எடுத்து நிறுத்திவைத்தது போல. ஒரு வாரத்தில் வாடிவிடும்.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் நடுவில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர் ஜனங்கள் கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் கூடித் திறந்தவெளியில் பிரார்த்தனை செய்கிறார்கள். அந்த நாளுக்குப் பெயர் பிளேக் ஞாயிறு.

ஏன் திறந்தவெளி? அதற்கு 1665-க்குப் போகவேண்டும்.

லண்டனில் பிளேக் பரவிக்கொண்டிருந்த வருஷம் அது. அங்கிருந்து ஈம் தையல்காரர் வீட்டுக்குத் துணிக்கட்டு ஒன்று வந்தது. ஈரமாக இருந்த துணியை உதறிக் காயவைத்தவர் ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாள். துணியில் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. செப்டம்பரில் அவர் இறந்தார். பிறகு அந்த வீட்டில், பக்கத்து வீட்டில், அடுத்த தெருவில். குளிர்காலத்தில் கொஞ்சம் அடங்கிய நோய் 1666 கோடையில் மறுபடி கிளம்பியது.

அப்போது ஊரில் வில்லியம் மாம்பெஸன் என்ற இளம் பாதிரியார். வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஜனங்களுக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவர்கள் நம்பியது பதவி பறிக்கப்பட்ட பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியை. மதக்கொள்கையில் இருவரும் எதிரெதிர் அணி. அந்த ஜூன் மாதத்தில் இருவரும் சேர்ந்து நின்றார்கள். ஊரை விட்டு யாரும் வெளியே போவதில்லை. தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, பள்ளத்தாக்கில் ஒருவருக்கொருவர் தள்ளி நின்று பிரார்த்தனை. இறுதி ஊர்வலம் கிடையாது. அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவர் தோட்டத்திலோ வயலிலோ புதைக்கவேண்டும்.

எனக்கு இதில் கடினமாகப் படுவது கடைசி விதிதான். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் 1666 ஆகஸ்டில் எட்டே நாட்களுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். தோள் கொடுக்க ஒருவரும் இல்லை. ரைலி கல்லறைகள் என்று அந்த இடம் இன்றும் இருக்கிறது. அந்த மாதக் கடைசியில் மாம்பெஸனின் மனைவி கேத்தரினும் போய்ச் சேர்ந்தார். நவம்பரில் நோய் ஓயும்போது சுமார் 260 பேர் இறந்திருந்தார்கள். மாம்பெஸன் பிற்பாடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, அந்த ஊரார் அவரை உள்ளே விடவே பயந்தார்களாம்.

சரி, பிளேக் ஞாயிறு அன்றிலிருந்து தொடர்ந்து நடக்கிறதா என்றால், இல்லை. அது 1866-ல், இருநூறாம் ஆண்டு நினைவாகத் தொடங்கியது. முதலில் ஆகஸ்ட் நடுவில் நடந்து, பிறகு மாதக் கடைசிக்கு நகர்ந்தது. கிணற்றுப் பூ அலங்காரம் ஈமுக்கு வந்தது 1951-ல்தான். இவற்றுக்கெல்லாம் மூத்தது 'வேக்ஸ்' வாரம் என்ற ஊர்த் திருவிழா. வடக்கு இங்கிலாந்துக் கிராமங்களில் தேவாலயப் புனிதரின் பெயரில் நடந்த விழா இது. பின்னாளில் ஆலைகள் வந்த ஊர்களில் ஆலையை மூடி லீவு விடும் வாரமாகவும் ஆனது. ஆக, துக்க நாள் வந்து ஒட்டிக்கொண்டது ஏற்கெனவே ஊர் கூடும் ஒரு வாரத்தில்! பங்குனி உத்திரத்துக்கும் ஆடிக் கொடைக்கும் லீவு எழுதிக்கொடுத்து ரயில் ஏறும் நமக்கு இதன் சூட்சுமம் புரியும். ஜனம் எப்படியும் சேருகிற நாளில் வைத்தால்தான் எதுவும் நிலைக்கும்.

வரலாற்று ஆய்வாளர் பாட்ரிக் வாலிஸ் 2006-ல் ஒரு கட்டுரையில் இந்தத் தியாகக் கதையையே உரசிப் பார்த்தார். நாம் கேட்கும் வீரக்கதையின் பெரும்பகுதி பிற்காலத்தில், 18, 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் கையில் உருவானது என்கிறார். நடந்த காலத்துச் சான்றுகள் மாம்பெஸனின் சில கடிதங்களைத் தாண்டி அதிகமில்லை. வசதியான சிலர் முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மாம்பெஸனே தன் குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டார். மிச்சமிருந்த ஏழைகள் போக இடமில்லாமல் தங்கினார்களா, மனமுவந்து தங்கினார்களா? இரண்டும் கலந்துதான் இருக்கும் என்பது என் எண்ணம். அதனால் ஹான்காக் வீட்டுக் கல்லறைகளின் எண்ணிக்கை குறைந்துவிடப் போவதில்லை. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு ஊர்ப் பதிவேட்டு மரணங்களைக் கணக்கிட்டு, தொற்றுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்குப் போனது என்றது. அப்படியானால் ஒரே வீட்டில் வரிசையாகச் சாவு விழுந்ததும் புரிகிறது, தள்ளி நின்ற பிரார்த்தனையின் அவசியமும் புரிகிறது.

நான் பிழைக்க வந்த புனேவிலும் இதே நோய்தான், 1897-ல். இங்கே தனிமைப்படுத்தல் அரசாணையாக வந்தது. சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டு, ஆட்களைப் பிரித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஜூன் 22 இரவு, பிளேக் அதிகாரி ராண்ட் மீது சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஜூலையில் அவர் இறந்தார். விதி கிட்டத்தட்ட ஒன்றே: வெளியே போகாதே, கூடாதே. ஈமில் அதைச் சொன்னவர்கள் அதே தெருவில் குடியிருந்து அதே நோய்க்கு வீட்டு ஆளைக் கொடுத்தவர்கள். 2020 ஊரடங்கில் உலகப் பத்திரிகைகள் ஈமைத் தேடிப்பிடித்து எழுதியபோது இந்த வித்தியாசத்தை அதிகம் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கம் பிள்ளைகள் இருந்து ஆகஸ்டில் பார்க்கப் போகிறவர்கள் கடைசி வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கலாம். ஷெஃபீல்டுக்குத் தென்மேற்கே இருக்கிறது. மியூசியம் சின்னதுதான், 1994-ல் திறந்தது. அதோடு திரும்பிவிடாதீர்கள். ஸ்டோனி மிடில்டன் என்ற பக்கத்து ஊருக்கு வயல்வழியே ஒரு நடைபாதை போகும். பாதி வழியில் எல்லைக் கல். அதில் சின்னச் சின்னக் குழிகள். ஈம்காரர்கள் அவற்றில் வினிகர் ஊற்றிக் காசு போட்டு வைப்பார்களாம். பக்கத்து ஊரார் அதை எடுத்துக்கொண்டு ரொட்டியையும் மருந்தையும் வைத்துவிட்டுப் போவார்களாம். இப்போது வந்து போகிறவர்களும் அந்தக் குழிகளில் சில்லறை போட்டுவிட்டுப் போகிறார்கள்.